பன்றிக்குப் போன மாத்திரை

என் பன்றிகளுக்கு எய்ட்ஸ் மாத்திரை போட்டுத்தான் நான் கொழுக்க வைக்கிறேன் என்று முதலில் வாய் கூசாமல் சொன்னவன் எவனென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வாயிலேயே ஒரு கூடை விட்டையை அள்ளிப் போட்டிருப்பேன். என் பன்றிகள் தின்பது மரவள்ளித் தோலும், வாழைப்பழச் சாராயம் இறக்குகிறவர்கள் கொட்டும் சக்கையும், கரையில் சிந்திக் கிடக்கும் பொடிமீனும்தான். அதையும் நான் பச்சையாகப் போடுவதில்லை. பெரிய பானையில் வேகவைத்து, ஆறவிட்டு, கையால் பிசைந்து வைப்பேன். முலேரே கரையில் பாதிப் பேர் பெற்ற பிள்ளைக்கே இவ்வளவு மெனக்கெடுவதில்லை. பன்றி கொழுக்காமல் என்ன செய்யும்?

முலேரே பெரிய ஏரிக்கு நடுவே ஒரு தீவுக் கரை. என்டெபே பக்கமிருந்து மரப்படகில் ஏறினால், காற்று ஒத்துழைத்தால் அரை நாள், இல்லாவிட்டால் கடவுள் விட்ட வழி. இங்கே ஆண்கள் நிலா இல்லாத ராத்திரிகளில் விளக்குக் கட்டிக்கொண்டு முக்கெனே என்கிற பொடிமீன் பிடிக்கப் போவார்கள். விடிந்ததும் வந்து மீனைக் கொட்டிவிட்டுத் தூங்கப் போவார்கள். அல்லது குடிக்கப் போவார்கள். அந்த மீனை மணலில் விரித்த வலைகளின்மேல் பரப்பி, புரட்டி, காக்கையும் கோழியும் ஓட்டி, மழை வந்தால் குடல் தெறிக்க ஓடி அள்ளி, மறுபடி விரித்துக் காயவைப்பது பெண்கள். மீன் விற்ற காசு ஆண்கள் கையில். உலகம் எங்கேயும் அப்படித்தான் என்று எங்கள் பாதிரியார் சொல்வார். அவர் சட்டைப் பையும் நிறைவதால் அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

நானும் அந்த மாத்திரைக்காரிதான். புருஷன் போய்ச் சேரும்போது எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து அந்த எய்ட்ஸ்தான்; எங்கள் கரையில் அதற்கு மெலிவு நோய் என்று பெயர். இந்த வயதில் அதை மூடி மறைத்து யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன்? மற்ற பெண்கள் மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் போடக்கூடாதென்று உள்ளே பஞ்சு அடைத்து, துணியில் சுற்றி, மாவுக்கடியில் புதைத்து எடுத்துப் போவார்கள். நான் கையில் குலுக்கிக்கொண்டே தெருவில் நடப்பேன். நாமுடு வருகிறாள் என்று கரை முழுக்கத் தெரியும்.

சங்கதி என்னவென்றால், எங்கள் தகரக்கூரை ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரை நிற்பதே இல்லை. மாவட்டத்து மருந்துப் படகு வரும், பெட்டிகளை இறக்குவார்கள், சிஸ்டர் அக்கிரோர் அலமாரியில் அழகாக அடுக்குவாள். அடுத்த படகு வருவதற்கு வெகு முன்னாலேயே அலமாரி துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பிறகு எங்களுக்கெல்லாம், பக்கத்து வீட்டில் உப்பு கடன் வாங்குவதுபோல மாத்திரை கடன் வாங்குகிற பிழைப்பு. கடன் கொடுக்கவும் ஆள் இல்லையென்றால் வெறும் வயிற்றோடு கும்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

இதைச் சரி செய்ய மாவட்ட மருந்துக் கிடங்கிலிருந்து பிருங்கி என்று ஒரு அதிகாரி வந்தார். படகிலிருந்து இறங்கும்போதே ஷூவில் தண்ணீர் பட்டுவிட்டதென்று முகத்தைச் சுளித்தவர், திரும்பிப் போகிறவரைக்கும் அந்தச் சுளிப்பை எடுக்கவில்லை. மீன் வாடை அவருக்கு ஆகாது. மீன் எடைபோடும் கொட்டகையில் எங்களை உட்காரவைத்துப் பேசினார். பெயர் பதிந்தவர்கள் எத்தனை பேர் என்று தன்னிடம் கணக்கு இருக்கிறது, எத்தனை மாத்திரை அனுப்பினோம் என்றும் கணக்கு இருக்கிறது, ஆகவே குறையவே முடியாது, குறைகிறதென்றால் திருட்டு என்றார். ஏரிக்கு அப்பால் பெரிய நிலத்தில் சில ஊர்களில் இந்த மாத்திரையைப் பன்றித் தீனியில் கலக்கிறார்களாம், பன்றி மளமளவென்று எடை ஏறுகிறதாம். அவர் அதைச் சொன்னபோது கொட்டகையில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இந்தக் கரையில் பன்றி வளர்ப்பவள் நான் ஒருத்திதானே.

திருட்டைத் தடுக்க மருந்து அறைக்கு இரும்புக் கதவு வந்தது. கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சிஸ்டரிடம். இன்னொன்று ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவரிடம். தலைவர் வேறு யார், எங்கள் கரைச் சேர்மன் கிவும்பிதான். சொந்தப் படகுகள் வைத்திருப்பவன், குரல் பெருத்தவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஒழுக்கத்தைப் பற்றிப் பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மெலிவு நோய்க்காரர்கள் வாழ்ந்த வாழ்க்கையின் கூலியை வாங்குகிறார்கள் என்பான். அதைச் சொல்கிறவன் ஒவ்வொரு தீவிலும் ஒரு வீடு வைத்திருந்த கதை ஏரியில் நீந்துகிற மீனுக்கும் தெரியும். சாவியைக் கயிற்றில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டான். அவன் ஏரிக்குப் போன நாளில் மருந்து அறைக் கதவு திறக்காது. மருந்து இருக்கும், சிஸ்டர் இருப்பாள், நாங்களும் வெயிலில் இருப்போம், இவன் எங்கேயோ தீவு தீவாகப் படகு விட்டுக்கொண்டிருப்பான். இதற்குப் பெயர் பாதுகாப்பு.

அவன் பெண்டாட்டி நசோலோ என் பன்றிக் கொட்டடிக்கு அடுத்த மணலில்தான் மீன் காயவைப்பாள். சின்னப் பெண். சேர்மன் பெண்டாட்டி என்கிற மிதப்பு அவளிடம் இருந்ததே இல்லை. முதல் பிள்ளை ஒரு வயது தாண்டவில்லை. இருமி இருமி, பூனைக்குட்டி மாதிரி சுருங்கிப் போயிற்று. அது போன பிறகுதான் இவளுக்குச் சோதனை செய்து நோய் இருப்பதைச் சொன்னார்கள். இப்போது மறுபடி வயிற்றில் இருக்கிறது. மாத்திரையை ஒரு நாளும் விடாமல் விழுங்கினால் இந்தப் பிள்ளை சுத்தமாகப் பிறக்கும், விட்டால் முதல் பிள்ளையின் கதிதான் என்று சிஸ்டர் அவளிடம் சொல்லியிருந்தாள். அதை நசோலோ என்னிடம் ஒரு நூறு தரமாவது சொல்லியிருப்பாள். மீனைப் புரட்டிக்கொண்டே சொல்வாள், மீனை அள்ளிக்கொண்டே சொல்வாள். ஒரு கை எப்போதும் வயிற்றில் இருக்கும்.

அப்படிப்பட்டவளின் டப்பாதான் எல்லோருக்கும் முன்னால் காலியாகும். மாத்திரை வாங்கப் போகும்போது மிச்சத்தைக் கொண்டுபோய் மேசையில் கொட்டிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். இவளிடம் கொட்ட ஒன்றுமே இருக்காது. ஒரு தரம் கீழே கொட்டிவிட்டது என்றாள். ஒரு தரம் எலி இழுத்துப் போயிற்று என்றாள். பிருங்கி வந்துவிட்டுப் போன பிறகு சிஸ்டருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எலி மாத்திரை திங்குமா? எந்த ஊர் எலி அது? உண்மையச் சொல்லு நசோலோ, பன்னிக்காரிக்கு வித்தியா?"

நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தப் பன்னிக்காரி இங்கதான் நிக்கிறேன் சிஸ்டர். என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. என் மாத்திரைக்கே நான் வரிசையில நிக்கிறேன். இதுல பன்னிக்கு வேற வாங்கிப் போடணுமா?"

வரிசை சிரித்தது. நசோலோ சிரிக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்த கொஞ்சம் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

பிறகு பன்றிச் சோதனை நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிருங்கி மறுபடி வந்தார், கூடவே ஒரு கால்நடைக்காரர். என் கொட்டடிக்குள் இறங்கி, குச்சியால் விட்டையைக் கிளறி மாத்திரை தெரிகிறதா என்று பார்த்தார்கள். படித்தவர்கள், கால்சட்டைக்குள் சட்டையைச் சொருகினவர்கள், பன்றி விட்டையைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பிறகு ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய பெட்டையைப் பிடிக்கப் போனபோது அது கால்நடைக்காரரின் காலிடுக்கில் புகுந்து ஓட, பிருங்கி சகதியில் மல்லாந்தார். வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எப்படியோ ரத்தம் எடுத்து, குழாயில் அடைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்று எங்கள் ரத்தத்தைப் பார்க்க வேண்டுமென்று சிஸ்டர் எவ்வளவோ காலமாகச் சொல்லி வருகிறாள், குழாய் இல்லை, பனிக்கட்டி இல்லை, படகு இல்லை என்றே பதில். பன்றி ரத்தத்துக்கு எல்லாம் வந்தது. மறுபிறப்பு என்று ஒன்று இருந்தால் நான் பன்றியாகவே பிறந்துவிடுகிறேன் என்று சிஸ்டரிடம் சொன்னேன். அவள் வரிசையைக் கவனிக்கப் போனாள்.

பன்றியிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அதிகாரி என்றால் வெறுங்கையோடு போக முடியாதே. டப்பா குறைகிறவர்கள் இனி மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தினம் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து சிஸ்டர் முன்னால் விழுங்கிவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். கமிட்டித் தலைவர் என்கிற முறையில் கிவும்பி எழுந்து அதை ஆமோதித்தான். திருடர்களுக்கு இதுதான் சரி என்று கைதட்டினான். அவன் பெண்டாட்டியும் அந்தத் திருடர்களில் ஒருத்தி என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பெண்டாட்டி என்றும் பார்க்காமல் நியாயம் பேசுகிறார் பார் என்று சிலர் மெச்சிக்கொண்டார்கள்.

அதிலிருந்து நசோலோ காலையில் மீனை விரித்துவிட்டு மேட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஏறுவாள், திரும்பி என் கொட்டடி வழியாக இறங்குவாள். ஒரு நாள் அப்படி இறங்கி வந்தவளிடம் நான் எப்போதும்போல விடிந்த குசலம் கேட்டேன். எங்கள் பக்கம் குசலம் என்பது விளையாட்டில்லை. எப்படி விடிந்தது என்று கேட்டால், நல்லா விடிந்தது, உங்களுக்கு எப்படி விடிந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். வீட்டில் எல்லோரும் எப்படி, வேலை எப்படி, உடம்பு எப்படி என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் இரண்டு பேரும் ம்ம், ம்ம் என்று மாறி மாறி முனகித்தான் முடிக்க வேண்டும். பெரியவர்களுக்கும் புருஷனுக்கும் என்றால் பெண் முழங்காலிட்டுச் சொல்ல வேண்டும். அவசரமென்று ஓடுகிறவன்கூட இதைச் சொல்லிக்கொண்டே ஓடுவான். எதிரில் வருகிறவளின் குசலத்துக்குப் பதில் சொல்லாமல் போவதும் அவள் முகத்தில் துப்புவதும் இங்கே ஒன்றுதான்.

நசோலோ பதில் சொல்லவில்லை. கடைசியில் வர வேண்டிய ம்ம் மட்டும் மூக்கால் வந்தது. தலையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பன்றிக்கு மாத்திரை போடுகிறேன் என்று ஊர் சொல்வதை இவளும் நம்பிவிட்டாளோ என்று நினைத்தேன். மறுநாள் பேசக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால், அவளே நின்று, முழுக் குசலமும் கேட்டு, என் பன்றிகளின் உடம்பு வரைக்கும் விசாரித்துவிட்டுப் போனாள். அதற்கு அடுத்த நாள் மறுபடி ஊமை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் திமிர் பிடிக்கிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை. மணலில் மற்ற பெண்களும் முணுமுணுத்தார்கள். சேர்மன் பெண்டாட்டிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதென்றார்கள்.

அடுத்த ஊமை நாளில் நான் வழியில் குறுக்கே நின்றேன். தீனி பிசைந்த கையோடு அவள் தோளைப் பிடித்தேன்.

"எப்படி விடிஞ்சுதுன்னு கேட்டா பதில் வரணும். உங்க அம்மா உனக்குச் சொல்லிக் குடுக்கலயா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

அவள் திமிறினாள். நான் விடவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்தது. அப்புறம் கையை வாய்க்கு அடியில் ஏந்தித் துப்பினாள். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்த மாத்திரை எச்சிலோடு உள்ளங்கையில் விழுந்தது. மேல்பூச்சு கரைந்து ஓரம் கொழகொழவென்று ஆகியிருந்தது. அதை நான் தட்டிவிட்டுவிடுவேனோ என்று சட்டென்று விரல்களை மூடிக்கொண்டாள்.

"கசக்குதுக்கா. ரொம்பக் கசக்குது. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கரைஞ்சிரும்."

"எந்த வீட்டுக்குடி கொண்டு போற? யாருக்கு?"

அவள் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவள் வீட்டில் இருக்கிற இன்னொரு வாய் யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

மணலில் உட்காரவைத்தேன். மெல்ல மெல்லச் சொன்னாள். போன மழைக்காலத்தில் கிவும்பிக்கு வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சல் விடாமல் அடித்ததாம். இவள் மாத்திரை தின்று உடம்பு தேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் கேட்காமல் கொள்ளாமல் இவள் டப்பாவிலிருந்து எடுத்து வாயில் போட்டிருக்கிறான். புண் ஆறியது. அதிலிருந்து தினம் ஒன்று. சோதனைக்குப் போகவில்லை, பெயர் பதியவில்லை. போகச் சொன்னால், நோய் உனக்குத்தானே, எனக்கு எதற்கு என்பானாம்.

"அடிச்சானா?" என்று கேட்டேன்.

"அடிக்கல. அடிச்சிருந்தா ஊரைக் கூட்டியிருப்பேனே. அழறாருக்கா. என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழறாரு. சேர்மன் வரிசையில நின்னா நாளைக்கு எவன் என்னை மதிப்பான், என் படகுல எவன் ஏறுவான்னு அழறாரு. இப்பச் சிஸ்டர் முன்னாடி விழுங்கணும்னு ஆனதும், கன்னத்துல ஒதுக்கிக் கொண்டான்னு சொன்னாரு. ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவருக்கு. இன்னிக்கு அவரு நாள்."

அந்த உத்தரவுக்கு எழுந்து நின்று கைதட்டினவன் அவன்தான். மருந்து அறைச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி எச்சிலில் ஊறிய மாத்திரைக்கு வீட்டு வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். இவ்வளவு கேவலமான ஒரு ஆணை நான் பார்த்ததில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நானும் ஒருவனோடு வாழ்ந்தவள்.

"ஒரு மாத்திரைய ரெண்டு பேர் பங்கு போட்டா ரெண்டு பேருக்கும் கிடையாதுடி. உனக்கும் கேக்காது, அவனுக்கும் கேக்காது. உள்ள இருக்கிறது என்னடி பாவம் பண்ணிச்சு? மூத்தத மண்ணுக்குக் குடுத்தியே, போதலயா?"

"அதப் பேசாதக்கா."

"நான்தான் பேசுவேன். வேற யாரு பேசுவா? அவனுக்குக் கால் இல்லையா? ஆஸ்பத்திரி மேடு ஏறத் தெரியாதா?"

"செத்துப் போயிட்டாருன்னா?"

"சாகட்டும். பெரிய பெட்டைய அடிச்சு நான் கருமாதிச் சாப்பாடு போடுறேன். நீ வந்து பரிமாறு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மாத்திரையை மறுபடி கன்னத்துக்குள் தள்ளிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று பன்றித் தீனியைக் கரியவிட்டேன்.

அந்த வாரம் மீன் மணலில் சும்மா இருக்க முடியவில்லை எனக்கு. டப்பா குறைகிற பெண்கள் யார் யாரென்று தெரியும். ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து மீனைப் பொறுக்கிக்கொண்டே, உன் வீட்டுப் பன்றி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முதலில் முறைத்தார்கள். அப்புறம் ஒருத்தி தலையைக் குனிந்தாள். ஒருத்தி, நல்லாத் தின்னுதுக்கா என்றாள். வலை தைக்கிறவன் பெண்டாட்டி, சாராயக்கடைக்காரி, படகு ஓட்டுகிறவனின் இரண்டாவது பெண்டாட்டி என்று எல்லோர் வீட்டிலும் ஒரு பன்றி இருந்தது. எல்லாம் இரண்டு கால் பன்றி. மாவட்டமே விளக்குப் போட்டுத் தேடிய திருட்டு இதுதான். பெயர் பதிந்தது பெண்கள், தின்பது பெண்களும் ஆண்களும். பெயர் பதிந்தவர்களை மட்டும் எண்ணி மாத்திரை அனுப்பினால் எப்படிப் போதும்? இதைக் கண்டுபிடிக்க இரும்புக் கதவு வேண்டாம், பன்றி ரத்தம் வேண்டாம். மீன் மணலில் கொஞ்ச நேரம் குத்தவைத்து உட்கார்ந்தால் போதும். ஆனால் பிருங்கிக்கு மீன் வாடை ஆகாதே.

சிஸ்டர் அக்கிரோரிடம் போய்ப் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவள் வேறு பக்கத்துக்காரி, எங்கள் பேச்சே அவளுக்கு அரைகுறை. நாள் முழுக்க நின்று கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கேட்டுவிட்டு வீங்கின காலை நீவிக்கொண்டே சொன்னாள்.

"வந்தா குடுக்க மாட்டேன்னு எந்த ஆம்பளகிட்ட நான் சொன்னேன்? வரட்டும். விரல்ல ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். அவங்க பேரு சேந்தாத்தான் நான் கூடுதலாக் கேக்க முடியும். வராதவனுக்கு நான் எப்படி மருந்து கேப்பேன், சொல்லு."

அவள் கேட்டதில் தப்பு இல்லை. எனக்குத்தான் அவள்மேல் கோபப்பட ஆசையாக இருந்தது, முடியவில்லை. கன்னத்துக்குள்ளும் பார் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் நசோலோ மறுபடி வரிசை முன்னால் திருடியாக நிற்பாள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மருந்துப் படகு வருகிற நாள் வந்தது. பிருங்கியும் வந்தார், கூடக் கம்பாலாவிலிருந்து இரண்டு பெரிய ஆட்கள். இரும்புக் கதவையும் இரண்டு பூட்டையும் அவர்களுக்குக் காட்டப் போகிறாராம். காலையிலேயே கரை முழுக்கக் கூட்டம். முந்தின நாள் மழையில் நனைந்த மீனை நாங்கள் மறுபடி விரித்துக்கொண்டிருந்தோம், ஏரியிலிருந்து கிளம்பும் ஈக்கள் மேகம் மாதிரி வந்து கண்ணிலும் மூக்கிலும் அப்பின. கிவும்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதிகாரிகளோடு தண்ணீர் ஓரத்தில் நின்றான். அவன் கண் மட்டும் மேட்டுப் பாதையிலேயே இருந்தது. அன்றைக்கு அவன் நாள். விருந்தாளிகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வழியில்லை. மாத்திரையோ வாயில் கரைந்துவிடும்.

நசோலோ மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. நேராக வீட்டுப் பக்கம் திரும்பப் போனவளை இவன் கூப்பிட்டான். கைக்குட்டையை எடுத்து நீட்டினான். மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு பாரு, துடைச்சிட்டு இப்படிக் குடு என்றான். என்ன அக்கறை! பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகள் புன்னகைத்தார்கள். நான் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

கைக்குட்டையை அவள் வாங்குவதற்குள் பிருங்கி அவள் பக்கம் திரும்பினார். சேர்மன் பெண்டாட்டி, பிள்ளைத்தாய்ச்சி, பெரிய ஆட்கள் வேறு பக்கத்தில் நிற்கிறார்கள். அவருக்கும் மரியாதை என்று ஒன்று இருந்தது.

"எப்படிம்மா விடிஞ்சுது?" என்றார்.

நசோலோ நின்றாள். பதில் இல்லை. பிருங்கியின் புன்னகை அப்படியே நின்றது. படகிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பல் வலிங்க அவளுக்கு," என்றான் கிவும்பி அவசரமாக. "ராத்திரியெல்லாம் வலி. வாயைத் திறக்க முடியல."

"அடடா, சிஸ்டர் மேலதான இருக்காங்க, கூப்பிட்டு வாயைப் பாக்கச் சொல்லலாமே," என்று பிருங்கி ஆள் அனுப்பத் திரும்பினார்.

கிவும்பி கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு குறுக்கே வந்தான். வேண்டாங்க, வேண்டாங்க, தானா சரியாயிடும் என்று அவன் உளறினான். நசோலோ அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈர மணலில் மெதுவாக, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு முழங்காலிட்டாள். கண்ணை மூடினாள். தொண்டை ஏறி இறங்கியது. தண்ணீர் இல்லாமல் அந்தக் கசப்பை விழுங்குவது லேசு இல்லை. முகம் கோணியது. இன்னொரு தரம் விழுங்கினாள்.

"நல்லா விடிஞ்சுதுங்க ஐயா," என்றாள் பிருங்கியிடம். "உங்களுக்கு எப்படி விடிஞ்சுது? வீட்டுல எல்லாரும் எப்படி? பிரயாணம் எப்படி இருந்துச்சு?"

அவர் மகிழ்ந்துபோய் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவள் நிதானமாக ம்ம், ம்ம் என்று கடைசி வரைக்கும் முனகி முடித்தாள். முடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. முழங்காலை அப்படியே மணலில் புருஷன் பக்கம் திருப்பினாள்.

"உங்களுக்கு எப்படி விடிஞ்சுது?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"நல்லா விடிஞ்சுது," என்றான்.

"வேலை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"உடம்பு எப்படி இருக்கு?"

வலைப் பக்கமிருந்த பெண்கள் யாரும் மீனைத் தொடவில்லை. என்னிடம் தலையைக் குனிந்தவள், நல்லாத் தின்னுது என்று சொன்னவள், எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவனுக்கு அது தெரிந்தது. அந்தப் பார்வையை அவன் முதன்முதலாக அன்றுதான் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"நல்லா இருக்கு," என்றான். குரல் பெருத்தவனிடமிருந்து கோழிக்குஞ்சுச் சத்தம்தான் வந்தது.

நசோலோ தலையை அண்ணாந்து வாயை ஆவென்று திறந்தாள். சிஸ்டருக்குக் காட்டுவதுபோல நாக்கைத் தூக்கினாள். விரலை விட்டு இந்தக் கன்னத்தை இழுத்துக் காட்டினாள், அந்தக் கன்னத்தையும் இழுத்துக் காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. பல் வலியைக் காட்டுகிறாள் என்று பிருங்கி எட்டிப் பார்த்தார்.

"வலி போயிருச்சுங்க," என்றாள் அவரிடம். பிறகு கிவும்பியிடம் திரும்பினாள். சத்தம் போடவில்லை, ரகசியமாகவும் பேசவில்லை. "உடம்பு நல்லா இருக்குன்னா சரி. இல்லேன்னா சிஸ்டர் மேலதான் இருக்காங்க. இன்னிக்கு வரிசை இல்ல."

கையை ஊன்றி எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, வெயில் ஏறுதே, இன்னும் புரட்டாம என்னக்கா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க என்று எங்களை அதட்டிக்கொண்டே வலைக்கு வந்து, குனிந்து மீனைப் புரட்ட ஆரம்பித்தாள்.